மும்பைப் பாலங்களைப் படமெடுக்கக் கிளம்புமுன்

மும்பைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், கையில் கேமராவோ ஓரளவு நல்ல போனோ இருக்கிறது, பாலங்களைக் கண்டால் கால் தானாக நிற்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. சாலையில் நின்று ஒரு பழைய பாலத்தைப் படமெடுக்க அனுமதி வேண்டுமா என்று விசாரிக்கப் போனேன். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. கடைசியில் ஒரு மாடிப்படியில் வைத்து ஒருவர், “உங்களுக்காகத்தானே எடுக்கிறீர்கள்? பிறகு இங்கே எதற்கு வந்தீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் ஒரு மழைக்காலம் மிச்சமாகியிருக்கும். அதற்குள் சயான் பாலத்தை அடைத்துவிட்டார்கள்.

நீங்களும் அப்படி அலைய வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. அழகு வரிசை வேண்டாம், ஆயுள் வரிசையில் பட்டியல் போடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஓடுவது பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்துக்குத்தான். தவறில்லை, ஆனால் அவசரமும் இல்லை. 2009இல் திறந்த பாலம் அது, இன்னும் பல காலம் அங்கேயே நிற்கும். நிற்கப்போகாதவை ரயில் பாதைகளுக்கு மேலே நூறு வருடத்துக்கு மேல் பாரம் சுமந்த பழைய சாலைப் பாலங்கள்.

2018 ஜூலையில் அந்தேரி கோகலே பாலத்தின் நடைபாதை தண்டவாளத்தில் இடிந்து விழுந்த பிறகு, நகரத்தின் பாலங்களையெல்லாம் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். தேறாதவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 1868இல் கட்டிய கர்னாக் பாலம் 2022 நவம்பரில் 27 மணி நேர ரயில் நிறுத்தத்தில் அகற்றப்பட்டது. அந்த இடத்தில் 2025 ஜூலையில் சிந்தூர் பாலம் என்ற புதுப் பெயரோடு புதுப் பாலம் வந்துவிட்டது. 1912ஆம் ஆண்டின் சயான் பாலம் 2024 ஆகஸ்ட் 1 முதல் வாகனங்களுக்கு மூடப்பட்டது. எல்பின்ஸ்டன் பாலம் 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. 1925இல் கட்டிய தாதர் திலக் பாலத்துக்குப் பக்கத்திலேயே மாற்றுப் பாலம் எழும்பத் தொடங்கிவிட்டது. இவற்றில் எது இப்போதும் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போதும். இன்னும் வண்டி ஓடுகிறவை, அடைத்துவிட்டு இடிப்புக்குக் காத்திருப்பவை, புதிதாக எழும்புகிறவை. முதல் பத்தியில் உள்ளவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பாலம் என்றால் உத்திரமும் தூணும் மட்டும் இல்லை. அதன்மேல் போகும் கைவண்டி, ஓரத்தில் செருப்பு தைப்பவர், சரிவில் மூச்சு வாங்கி நிற்கும் பஸ் எல்லாம் சேர்ந்ததுதான். அடைத்த மறுநாள் போனால் தகரத் தடுப்புதான் படத்தில் விழும்.

தேதிகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எல்பின்ஸ்டன் பாலத்தை 2025 ஏப்ரலிலேயே அடைப்பதாக இருந்தார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் தள்ளித் தள்ளி செப்டம்பராயிற்று. தள்ளிப்போகும் என்று அசந்திருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை இரவோடு இரவாக அடைத்துவிடவும் செய்வார்கள். அறிவிப்பு வந்த வாரமே போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

2. பாலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

என்னை அலுவலகம் அலுவலகமாக விரட்டியதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. ரயில் பாதையைக் கடக்கும் சாலைப் பாலத்தில், தண்டவாளத்துக்கு நேர் மேலே உள்ள துண்டு பொதுவாக ரயில்வேயின் பொறுப்பு. இரு பக்கமும் ஏறி இறங்கும் சரிவுகள் மாநகராட்சியின் பொறுப்பு. ரயில்வேயிலும் மத்திய ரயில்வே வேறு, மேற்கு ரயில்வே வேறு. தாதரிலும் மாட்டுங்காவிலும் இரண்டு பாதைகளும் அருகருகே ஓடுவதால் கேட்கவே வேண்டாம். கடற்பாலம் மாநில சாலை மேம்பாட்டுக் கழகத்தைச் சேர்ந்தது, மும்பையையும் நவி மும்பையையும் கடல் மேல் இணைக்கும் அடல் சேது பெருநகர வட்டார மேம்பாட்டு ஆணையத்தைச் சேர்ந்தது.

நல்ல செய்தி என்னவென்றால், உங்களில் பெரும்பாலோருக்கு இவர்களில் யாருமே தேவைப்படமாட்டார்கள்.

பொதுச் சாலையிலோ நடைபாதையிலோ கடற்கரையிலோ நின்று, உங்கள் சொந்த ஆசைக்காக, கையில் பிடித்த கேமராவால் எடுக்கிறீர்களா? பொதுவாக யாரிடமும் எழுதி வாங்க வேண்டியதில்லை. “படமெடுக்கக் கூடாது” என்று பலகை இருந்தாலோ காவலர் வேண்டாம் என்றாலோ அங்கே எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

விளம்பரம், திருமணப் படம், குறும்படம், விளக்கு, ஆட்கள் என்று போனால் கதை வேறு. மாநில இடங்களுக்கு ஒற்றைச் சாளர முறையில் மகாராஷ்டிரத் திரைப்பட, நாடக, பண்பாட்டு வளர்ச்சிக் கழகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் அலுவலகம் கோரேகாவ் பிலிம் சிட்டியில் இருக்கிறது. ரயில்வே இடமென்றால் மக்கள் தொடர்பு அதிகாரி அலுவலகம். மத்தியப் பாதைக்கும் ஹார்பர் பாதைக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், மேற்குப் பாதைக்குச் சர்ச்கேட். கட்டணம் உண்டு, முன்கூட்டியே கட்ட வேண்டும். எந்த ரயில்வே என்று உறுதி செய்யாமல் விண்ணப்பம் எழுதினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

டிரோன் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். விமான நிலையம், கடற்படைத் தளம், அணு ஆராய்ச்சி மையம் எல்லாம் இருக்கும் ஊர் இது. நகரக் காவல்துறை டிரோன்களுக்குத் தடை விதித்து அவ்வப்போது ஆணை போடுவதும் வழக்கம். பொம்மை அளவு டிரோன்தான் என்ற வாதம் காவல் நிலையத்தில் எடுபடாது.

3. பையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோக வேண்டாம். எண்ணை மறைத்த ஆதார் நகல் இரண்டு, போனில் டிஜிலாக்கர், அவ்வளவு போதும். கேமரா வாங்கிய ரசீதின் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். “இது யாருடையது?” என்ற கேள்வி, முக்கியமாக இளைஞர்களிடம், அடிக்கடி வரும். மாணவர் என்றால் கல்லூரிக் கடிதம் பெரிய கேடயம். கடிதத்தில் “பாலங்களின் ஒளிப்பட ஆவணம், வணிக நோக்கமில்லை” என்ற வரியும் தேதியும் முத்திரையும் இருக்கட்டும். தேதியில்லாத கடிதத்துக்கு மதிப்பில்லை.

காவலர் நிறுத்தினால் கேமராவைத் தோளுக்கு இறக்கிவிட்டு, எடுத்த படங்களை நீங்களே காட்டுங்கள். இந்தி தடுமாறினாலும் பரவாயில்லை, குரல் உயரக் கூடாது. நான் பார்த்தவரை “அழி” என்று சொல்கிறவர்களை விட “என்ன இருக்கிறது இந்தப் பழைய பாலத்தில்?” என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அதற்கு ஒரு பதிலை மனதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

4. ரயில் நிலைய நடைமேம்பாலங்கள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிலையத்துக்குள் இருக்கும் நடைமேம்பாலம் வேறு, ஊர் மக்கள் இருப்புப் பாதையைக் கடக்கும் பொது நடைமேம்பாலம் வேறு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் இருக்கும். முதலாவதில் கால் வைத்தாலே டிக்கெட் வேண்டும். படியின் அடியில் டிக்கெட் பரிசோதகர் நிற்பார். பிடிபட்டால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் பயணக் கட்டணம். பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். புறநகர் ரயிலின் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்தான். பாலத்தில் நின்றுவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போவதாக இருந்தால் ரயில் டிக்கெட்டே எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் பல நிலையங்கள் என்றால் கவுன்டரில் சுற்றுலா டிக்கெட் கேளுங்கள்.

தொடங்குவதற்கு ஏற்ற பாலம் மாட்டுங்காவில் இருக்கிறது. மேற்குப் பாதையின் மாட்டுங்கா ரோடு பக்கத்தையும் மத்தியப் பாதையின் மாட்டுங்கா பக்கத்தையும் இணைத்து, ஆங்கில இசட் எழுத்தாக மடங்கிப் போகும் நடைமேம்பாலம். இசட் பாலம் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அந்த மடிப்புகளில் நின்றால் நடந்து வருபவர்கள் முதலில் முகம் காட்டி, பிறகு முதுகு காட்டிப் போவார்கள். காலையில் எட்டு மணிக்கு முன்பு போங்கள். பூக்கூடையோடு போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வேட்டியில் நடைப்பயிற்சி போகும் மாட்டுங்கா மாமாக்கள் என்று ஒரு தெருவே பாலத்தின் மேல் போகும். முடித்துவிட்டுக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இறங்கினால் காபிக்குப் பஞ்சமில்லை. அங்கேயே ஹார்பர் பாதையின் தாழ்வான ரயில் பாலத்தையும் பார்த்துவிடலாம். உயரம் தெரியாமல் வரும் லாரிகள் இடித்துச் சிக்கிக்கொள்ளும் இடம் அது. உத்திரத்தின் விளிம்பில் வண்டி உரசிய தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எனக்கு அந்தத் தழும்புகள் கடற்பாலத்தின் கம்பிகளை விடப் பிடிக்கும்.

நடைமேம்பாலத்தில் முக்காலி உதவாது. கூட்டத்தில் இடமில்லை என்பது ஒரு காரணம். இரும்புத் தளம் நடுங்குவது அதைவிடப் பெரிய காரணம். ஆள் நடந்தால் ஒரு நடுக்கம், கீழே விரைவு ரயில் போனால் வேறொரு நடுக்கம். முக்காலியில் வைத்து ஒரு விநாடி திறந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொரு ஆணியும் இரண்டிரண்டாகத் தெரியும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றிக்கொண்டு, கையில் பிடித்து, 1/250 விநாடிக்கு மேல் திறக்காமல் எடுங்கள். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றாதீர்கள், அந்த நடுக்கம் கைக்கு ஏறும். இரண்டு காலில் தளர்வாக நின்றால் உடம்பே அதை வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. மும்பைப் புறநகர்ப் பாதைகளின் மேல்நிலைக் கம்பிகளில் ஓடுவது 25,000 வோல்ட். பாலத்தின் ஓரங்களில் வலையும் தகடும் அடித்திருப்பது அதற்காகத்தான். வலையின் ஓட்டைக்கு லென்ஸை ஒட்டி வைத்து எடுக்கலாம். ஆனால் செல்ஃபிக் குச்சியையோ கேமராக் கம்பத்தையோ வலைக்கு வெளியே நீட்டவே கூடாது. கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, மிக அருகில் போனாலே பாயும்.

தண்டவாளத்தில் இறங்கினால் பாலத்தின் அடிப்பகுதி அற்புதமாகத் தெரியும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். தெரியும்தான். ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலத்தின் அடியைப் பார்க்க ஆசையிருந்தால் பிளாட்பாரத்தின் கடைசி முனைக்கு நடந்து போங்கள். பெரும்பாலான நிலையங்களில் அங்கிருந்தே வேண்டிய கோணம் கிடைத்துவிடும். பழைய உத்திரங்கள் சிலவற்றில் அவற்றைச் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் வார்ப்பாக இருக்கும். பெயின்டுக்கு மேல் பெயின்டு அடித்து மூடியிருந்தாலும், சாய்வாக வெயில் விழும் நேரத்தில் எழுத்துகள் எழுந்து நிற்கும்.

நெரிசல் நேரம் காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை. தாதர் நடைமேம்பாலத்தில் அந்த நேரத்தில் நின்று படமெடுப்பது பிறருக்கு இடைஞ்சல், உங்களுக்கும் ஆபத்து. 2017 செப்டம்பர் 29ஆம் தேதி எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். வழியில் நிற்காதே என்று யாராவது தள்ளினால் கோபிக்காதீர்கள்.

5. கடல் மேலுள்ள பாலங்களுக்கு எங்கே நிற்பது

கடற்பாலத்தின் மேல் நின்று எடுக்க முடியாது. நடப்பவர்கள், இரு சக்கர வாகனங்கள், ஆட்டோக்கள் யாருக்கும் அனுமதியில்லை. காரில் போகிறவர்களும் நிறுத்தக் கூடாது. ஓடும் டாக்ஸியின் கண்ணாடி வழியாக எடுக்கலாம், சுங்கம் காருக்கு ஒரு வழி 100 ரூபாய். இந்தச் செலவுக்கு நான் ஒரு முறைக்கு மேல் சம்மதிக்க மாட்டேன். சட்டப்படி அதன்மேல் கால் வைக்க ஒரு வழி இருக்கிறது. ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானின் பாதை அதன் வழியாகப் போகிறது. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும், ஓடவும் வேண்டும்.

நிற்க வேண்டிய இடங்கள் கரையில் இருக்கின்றன. பாலத்துக்குப் பின்னால் சூரியன் இறங்க வேண்டுமென்றால் கிழக்குக் கரைக்குப் போங்கள்: மாகிம், அல்லது தாதரில் அம்பேத்கர் நினைவிடமான சைத்யபூமிக்குப் பக்கத்தில் கடலை நோக்கிக் கட்டிய பார்வை மேடை. தூண்களின் மேல் மாலை வெயில் நேராக விழ வேண்டுமென்றால் பாந்த்ரா கோட்டை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கோட்டையில் நின்று அஸ்தமனத்துக்குக் காத்திருப்பவர்களை வாரக் கடைசியில் நிறையப் பார்க்கலாம். டிசம்பர் 6ஐ ஒட்டிய நாட்களில் சைத்யபூமிப் பக்கம் லட்சக்கணக்கானோர் அஞ்சலி செலுத்த வருவார்கள். பாலத்துக்காக அந்த நாட்களில் போகாதீர்கள்.

அடல் சேது 21.8 கிலோமீட்டர். பைக்கும் ஆட்டோவும் கிடையாது, நிறுத்தினால் வழக்கு. கரையிலிருந்து எடுக்கச் சிவ்ரி கோட்டை மேடு நல்லது. பாலத்தின் மீது டிராம்பே பக்கத்தில் பார்வையை மறைக்கும் தடுப்புகள் வைத்திருப்பதைக் காரில் போனால் பார்ப்பீர்கள். அந்தப் பக்கம் இருப்பது பாபா அணு ஆராய்ச்சி மையம். தடுப்பின் இடுக்கில் கேமராவை நுழைக்கும் எண்ணம் வேண்டாம்.

காசு செலவில்லாத கடல் பாலம் ஒன்று இருக்கிறது. ஹார்பர் பாதையில் மான்குர்டிலிருந்து வாஷிக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். தாணே கழிமுகத்தின் மேல் ரயில் போகும்போது பக்கத்தில் சாலைப் பாலங்கள் கூடவே வரும். முதலாவது 1973இல் திறந்தது, இரண்டாவது 1997இல். அதன்பிறகு மூன்றாவதும் சேர்ந்துவிட்டது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே லென்ஸை வைத்து 1/1000 விநாடியில் எடுங்கள். கதவில் தொங்காதீர்கள். மேற்குப் பாதையில் இதே சுகம் பயந்தருக்கும் நைகாவுக்கும் நடுவே வசாய் கழிமுகத்தில் கிடைக்கும். அங்கே ரயில் பாலங்களைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டுமானால், 2024 முதல் வசாய்க்கும் பயந்தருக்கும் இடையே வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகு ஓடுகிறது.

6. பருவம், ஓதம், ஞாயிற்றுக்கிழமை

குளிர்காலம்தான் நல்லது என்று ஊரில் இருக்கும் எண்ணத்தோடு வராதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மும்பையில் தூசும் புகையும் கலந்த மூட்டம் கடல் மேல் படுத்திருக்கும். மாகிமிலிருந்து கடற்பாலம் பென்சில் கோடாகத்தான் தெரியும். மழை விட்டுவிட்டுப் பெய்யும் செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும்தான் கழுவிவிட்ட காற்று. ஒரு பெருமழை ஓய்ந்த அரை மணி நேரத்தில் எடுங்கள். மழைக்காலம் முழுக்க லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் அபாயம் உண்டு. சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா வாங்கிவிடுங்கள்.

கடலோரப் படத்துக்கு ஓத அட்டவணை (கடல் நீர் ஏறி இறங்கும் நேரங்கள்) பார்க்காமல் கிளம்பாதீர்கள். தண்ணீர் வற்றினால் மாகிம் விரிகுடாவில் சேறும் குப்பையும், ஏறினால் பாலத்தின் பிரதிபலிப்பு. உயர் ஓதம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி வரும். அதனால் போன ஞாயிறு கிடைத்த தண்ணீர் இந்த ஞாயிறு அதே நேரத்தில் கிடைக்காது. மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்பே அறிவிக்கும். அந்த நாட்களில் அலை பார்க்க ஓரத்தில் நிற்காதீர்கள்.

பழைய பாலங்களுக்கு வேறொரு கடிகாரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக், பெரும்பாலும் காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரை நடக்கும். எந்தப் பகுதியில் என்று முந்தைய நாளே அறிவிப்பார்கள். உத்திரம் தூக்குவதும் இறக்குவதும் நள்ளிரவுச் சிறப்பு பிளாக்கில் நடக்கும். செய்தித்தாளின் நகரப் பக்கத்தில் நான்கே வரியில் வரும் அந்த அறிவிப்புதான் நமக்குத் தலைப்புச் செய்தி. ஒரு பாலம் துண்டு துண்டாகக் கிரேனில் போவதைப் பார்க்க அந்த ஓர் இரவுதான் வாய்ப்பு. தடுப்புக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்து மாடியில் இடம் பிடிக்க முன்கூட்டியே ஒருவரைப் பழக்கம் செய்து வையுங்கள். கடைசி ரயில் போன பிறகு காலை வரை வீடு திரும்ப ரயில் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

7. நினைவுகளைக் கேட்பது எப்படி

பாலம் மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். என் கணக்கில் நினைவுதான் பாதி வேலை.

“இந்தப் பாலத்தைப் பற்றி உங்கள் நினைவு என்ன?” என்று கேட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். “நல்ல பாலம், வெள்ளைக்காரன் கட்டியது” என்பதோடு முடித்துக்கொள்வார்கள். உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வியாகக் கேளுங்கள். எந்தப் பக்கம் ஏறுவீர்கள்? மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள்? எதைச் சுமந்துகொண்டு போவீர்கள்? தாராவி தொண்ணூறடிச் சாலையில் ஒரு நெல்லைக்காரரிடம் சயான் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு விடியற்காலையில் விற்கப் போகிறவர். பாலத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. “எங்கே இறங்கித் தள்ளுவீர்கள் அண்ணாச்சி?” என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். ஏற்றத்தின் பாதியில் சாம்பார்த் தூக்கு பின்னுக்கு இழுக்குமாம். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர், முன்பின் தெரியாதவர், ஒரு கையைச் சைக்கிளின் கேரியரில் வைத்துத் தள்ளிவிட்டு உச்சிக்கு வந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாராம். “இப்போது சுற்றிப் போகிறேன், ஏற்றம் இல்லை, தள்ள ஆளும் இல்லை” என்றார். அதுவரை நான் அந்தப் பாலத்தில் எடுத்ததெல்லாம் உத்திரமும் தூணும்தான். அதன் சரிவை ஒரு படமும் எடுக்கவில்லை. அதிலிருந்து எந்தப் பாலத்துக்குப் போனாலும் முதல் படம் சரிவின் அடியில் உட்கார்ந்து எடுப்பதுதான்.

அழைக்கும் முறையில் கவனமாக இருங்கள். தாராவியில் அண்ணாச்சி, அக்கா என்று தொடங்கினால் நாற்காலி வரும். மாட்டுங்காவில் மாமா, மாமி. எடுத்தவுடன் கேமராவைத் தூக்காதீர்கள். அதே பாலத்தின் படம் ஒன்றை அச்சுப் போட்டுக் கையில் கொடுங்கள். போன் திரையில் காட்டினால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். காகிதத்தில் கொடுத்தால் விரல் வைத்து, “இந்தக் கம்பத்துக்கு இந்தப் பக்கம்” என்று பேசத் தொடங்குவார்கள்.

தாராவியில் ஒரு பெரிய பொறி உண்டு. மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து, நோட்டும் கேமராவுமாக வரும் எவரையும் “அளக்க வந்தவர்” என்றுதான் பார்க்கிறார்கள். வீடு போய்விடுமோ என்ற பயம் சும்மா வருவதில்லை. முதல் வாக்கியத்திலேயே, கணக்கெடுக்க வரவில்லை, பாலத்தைப் பற்றிக் கேட்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். வீட்டு எண், கதவில் எழுதிய குறியீடு எதையும் படத்தில் விழ விடாதீர்கள். தெரிந்த ஒருவரோடு போவது இன்னும் நல்லது.

குரலைப் பதிவு செய்யும் முன் கேளுங்கள். கண்காட்சியிலோ பத்திரிகையிலோ போடும் எண்ணம் இருந்தால் தமிழில் மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: யார், எந்த நாள், படமும் பேச்சும் எதற்குப் பயன்படும். இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அவர் ஊருக்குப் போய்விடுவார், அல்லது வீடு மாறிவிடுவார். வருடங்களை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். “இந்திரா காந்தி இறந்த வருடம்”, “பெரிய வெள்ளத்துக்கு மறு வருடம்” என்று இன்னொன்றோடு சேர்த்துக் கேட்டால் சரியான ஆண்டு வந்து விழும். பெரிய வெள்ளம் என்றால் இங்கே 2005 ஜூலை 26. நெரிசலிலோ விபத்திலோ ஆளைப் பறிகொடுத்தவர்களிடம் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

8. செலவு

பாலம் பார்ப்பது மலிவான வேலை. உள்ளூர் ரயில், 10 ரூபாயில் தொடங்கும் பெஸ்ட் பஸ் (ஏசி என்றால் 12), பிளாட்பார டிக்கெட், ஒரு வடாபாவ். நூறு ரூபாய்க்குள் ஒரு நாள் முடிந்துவிடும். காரில் ஏறினால்தான் கணக்கு எகிறும். அடல் சேது திறந்தபோது காருக்கு ஒரு வழிச் சுங்கம் 250 ரூபாய், டாக்ஸி வாடகை அதற்கு மேல். சுங்கம் மாறிக்கொண்டே இருக்கும், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான செலவு அச்சில்தான். பேசியவர்களுக்கெல்லாம் படம் கொடுக்க வேண்டும் என்று முன்பே ஒதுக்கி வையுங்கள். புது லென்ஸ் வாங்கும் காசை அதற்குத் திருப்பினால் இன்னும் நல்ல படங்கள் கிடைக்கும். லென்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் கோட்டைப் பகுதியில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். முன்பணமும் அடையாள நகலும் கேட்பார்கள். நகலின் மேல் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதையும் தேதியையும் குறுக்கே எழுதிவிட்டுக் கொடுங்கள்.

9. அன்றிரவே செய்ய வேண்டியது

கோப்பின் பெயரில் பாலம், தேதி, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்ற மூன்றும் இருக்கட்டும்: “சயான், மேற்குச் சரிவு, தாராவி நோக்கி” என்பதுபோல. பாலமே இல்லாமல் போன பிறகு, எது கிழக்கு எது மேற்கு என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாலங்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய பெயர், புதிய பெயர், மக்கள் சொல்லும் பெயர் மூன்றையும் எழுதுங்கள். வன்தட்டில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் இன்னொன்று.

அச்சிட்ட படத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். தாராவிச் சந்துகளில் முகவரி தேடி அது வந்து சேரும் என்று நம்ப முடியாது. நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பகலில் ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்பதால் இரவு எட்டு மணிக்குப் பிறகோ ஞாயிறு காலையிலோ போங்கள். ஒரு படம் கொடுத்தால் பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள், கூடுதலாக நாலைந்து பிரதி பையில் இருக்கட்டும்.